3.0 என்ற எண்ணும் கச்சான் காற்றும்: பவர் கைட் வாங்கி நான் பட்ட பாடு

பட்டம் விடவே தெரியாத ஒருவர் இந்தப் பிழையை விட்டிருக்க மாட்டார். எனக்குத் தெரியும் என்பதுதான் வினையாகப் போனது. மட்டக்களப்பில், கல்லடியில் பிறந்து வளர்ந்தவன் நான். பத்து வயதில் ஈர்க்கும் கலர்த்தாளும் கோதுமை மாப் பசையும் கையில் கிடைத்தால் போதும், பின்னேரத்துக்குள் பட்டம் தயார். பட்டத்தை நூலோடு பிணைக்கும் முச்சை கட்டுவதில் எங்கள் ஒழுங்கைக்கே நான்தான் ஆள். பழைய சாறனைக் கிழித்து வால் வைப்பேன். அந்தத் தைரியத்தில்தான், 38 வயதில், இரண்டு கயிற்றில் பறக்கும், ஆளையே இழுக்கக்கூடிய துணிப் பட்டமான ஒரு பவர் கைட்டை யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கினேன்.

வாங்கிய இடம் அறுகம்பே. அலுவலக வேலையாகப் பொத்துவில் போன இடத்தில், ஊருக்குத் திரும்ப மூட்டை கட்டிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரர் தன் சாமான்களைத் தங்கியிருந்த வீட்டு வாசலில் போட்டு விற்றுக்கொண்டிருந்தார். சேர்ஃப் பலகை, கூடாரம், இவற்றுக்கு நடுவே முதுகுப்பை மாதிரி ஒன்று. உள்ளே சிவப்பும் மஞ்சளுமாக வழுவழுப்பான துணி, இரண்டு கைபிடி, சுற்றி வைத்த வெள்ளைக் கயிறு. ஈர்க்கும் இல்லை, மூங்கிலும் இல்லை. துணியின் முன்விளிம்பில் வாய் திறந்த அறைகள் வரிசையாக இருந்தன. காற்று அதற்குள் புகுந்து துணியை விமானச் சிறகு போல உப்ப வைக்கும் என்று அவர் கையால் காட்டினார். பையில் 3.0 என்று எழுதியிருந்தது. "மூன்று மீற்றரா?" என்று கேட்டேன். தலையை ஆட்டினார். 28,500 ரூபா. பேரம் பேசக்கூட மனம் வரவில்லை, அவ்வளவு ஆசை.

முதலாவது விசயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த 3.0 மீற்றர் அல்ல, சதுர மீற்றர். இந்தப் பட்டங்களில் சிலவற்றுக்குச் சிறகின் அகலத்தை எண்ணாகப் போடுகிறார்கள், சிலவற்றுக்குத் துணியின் பரப்பளவைப் போடுகிறார்கள். 1.7 மீற்றர் அகலமுள்ள ஒன்றை விரித்து அளந்தால் பரப்பு ஏறக்குறைய 1 சதுர மீற்றர்தான் வரும். நான் வாங்கியது அதைப்போல மூன்று மடங்கு. பையில் உள்ள எண்ணை நம்ப வேண்டாம். விரித்து வைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நாடாவால் அளந்து பாருங்கள். முதன்முதல் பழகுகிற பெரிய ஆளுக்கு 1.4 முதல் 2 மீற்றர் வரை அகலம் போதும். கயிற்றின் அட்டையில் 150 கிலோ என்றும் போட்டிருந்தது. பட்டம் அவ்வளவையும் இழுக்கும் என்று அதற்கு அர்த்தமில்லை, கயிறு தாங்கும் அளவு அது. ஆனாலும் என் எடை 62 கிலோ. 62 கிலோ ஆளுக்கு ஏன் 150 கிலோ தாங்கும் கயிறு என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம்.

ஜூலை மாதம், சனிக்கிழமை, காலை பத்து மணி. மனைவியிடம் சந்தைக்கு என்று சொல்லிவிட்டுப் பையை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு கல்லடிக் கடற்கரைக்குப் போனேன். ஆள் பார்க்காத நேரத்தில் பழகிவிட்டு, பிறகு மகனுக்குக் காட்டலாம் என்ற எண்ணம். நல்ல காற்று. சவுக்கு மரங்கள் இரைந்தன. முதுகில் காற்று வாங்கி, கடலைப் பார்த்து நின்றேன். பட்டத்தை அலைக்குச் சற்று மேலே மணலில் விரித்து, பின்விளிம்பில் இரண்டு கை மணல் போட்டு, 25 மீற்றர் கயிற்றையும் நீட்டி, கைபிடிப் பட்டிகளை மணிக்கட்டில் இறுக்கிக்கொண்டேன். வீடியோக்களில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஒரு இழுப்பு இழுத்தேன்.

அடுத்து நடந்தது நாலைந்து வினாடிக்குள் முடிந்திருக்கும். துணி 'படார்' என்று விரிந்து, என் முகத்துக்கு நேரே எழும்பியது. கால் மணலை விட்டது தெரியும். பிறகு நெஞ்சால் விழுந்து, அப்படியே இழுபட்டேன். கூடுதலாக இழுத்தால் நூலை விட வேண்டும் என்பது சின்ன வயதுப் பழக்கம், கை தன்பாட்டில் அதைத்தான் தேடியது. விடுவதற்கு இங்கே நூல் இல்லை. கயிறு பட்டியில், பட்டி மணிக்கட்டில். பட்டம் ஒருபக்கம் கிறுகி, தலைகுப்புறக் கடலில் விழுந்தபோது நான் ஈர மணலில் கிடந்தேன். பின்னால் போய்ப் பார்த்தேன், தடம் பத்து மீற்றருக்குக் குறையாது.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். இல்லை. அறைகளுக்குள் தண்ணீர் புகுந்ததும் அந்தத் துணி நங்கூரமாகிவிட்டது. அலை திரும்பும் ஒவ்வொரு தடவையும் என்னையும் கூட்டிக்கொண்டு போகப் பார்த்தது. கயிற்றைப் பிடித்து இழுக்கலாம் என்று வலது கையால் எட்டினேன். இரண்டு விரல்களில் கத்தி வைத்துக் கீறியது போல வெட்டியது. கடைசியில் பல்லால் கடித்துத்தான் இடது மணிக்கட்டுப் பட்டியைத் தளர்த்தினேன். இடுப்பளவு தண்ணீர். பயம் என்று இதுவரை நான் நினைத்திருந்தது எல்லாம் வேறு ஏதோ. கத்தக்கூட இல்லை, வெட்கம் விடவில்லை. அந்த நேரத்திலும் யாராவது பார்க்கிறார்களா என்றுதான் திரும்பிப் பார்த்தேன்.

பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். கரைவலைக்காரர் மூன்று பேர். அதில் வயதானவர் என்னைத் தூக்கி இருத்திவிட்டு, "கச்சானுக்குள்ள இதக் கொண்டு வந்து விர்றியே மனே, கடலுக்குத்தானே இழுக்கும்" என்று சிரித்தார். கச்சான் என்றால் எங்கள் பக்கம் மேற்கேயிருந்து அடிக்கும் காற்று. முதலிலேயே சொல்லியிருக்கலாமே ஐயா என்றேன். "நீ நெளிவு சுளிவு தெரிஞ்ச ஆள் மாதிரி மண்ணெல்லாம் போட்டா, நான் என்னத்தச் சொல்ல?" நியாயம்தான். தோணியில் போய்ப் பட்டத்தை எடுத்து வந்ததற்கு 2,000 ரூபா வாங்கினார்கள். அதுவும் நியாயம்தான்.

சேதக் கணக்கு: காற்சட்டைப் பையில் இருந்த போன் உப்புத் தண்ணீர் குடித்துப் போய்விட்டது, பழைய போன் ஒன்று வாங்க 24,000. மூக்குக் கண்ணாடி 9,500. எலும்பு முறியவில்லை, தோள்மூட்டுத் தசைநார் இழுபட்டதாக டொக்டர் சொன்னார். கையைத் தொட்டில் கட்டி மூன்று வாரம். மோட்டார் சைக்கிள் ஓட முடியாமல் அலுவலகத்துக்கு ஓட்டோவில் போய்வந்ததில் 8,000 போயிருக்கும். பட்டத்தில் இரண்டு அறைகளின் உட்சுவர் வெடித்திருந்தது. தலைகுப்புற வேகமாக மோதும்போது உள்ளே அடைபட்ட காற்று போக வழியில்லாமல் தையலைப் பிய்க்கும். தையல்காரர் 1,200 வாங்கினார். பட்டத்தின் விலையை விடக் கூடுதலாக அது விழுந்த விலை. மனைவி ஒன்றும் ஏசவில்லை. "சந்தையில என்ன விலை போகுது?" என்று மட்டும் கேட்டாள்.

கை தொட்டிலில் கிடந்த மூன்று வாரமும் என்ன நடந்தது என்பதைத்தான் யோசித்தேன், வாசித்தேன். காற்றுக்கு முதுகைக் கொடுத்து நில்லுங்கள். கயிற்றின் நீளத்துக்கு முன்னால் இடமிருந்து வலம், நிலத்திலிருந்து உச்சந்தலை வரை, கவிழ்த்த சட்டியில் பாதி போல ஒரு வளைவைக் கற்பனை செய்யுங்கள். பட்டம் அந்தச் சட்டியின் சுவரில்தான் ஓடும். தலைக்கு நேர் மேலேயும், இடது வலது ஓரங்களிலும் இழுவை குறைவு. நேர் முன்னால், தாழ்வாக, நடுவில்தான் முழு இழுவையும். நாங்கள் சின்ன வயதில் விட்ட ஒற்றை நூல் பட்டம் எப்போதும் உயரத்தில், அந்த மேல் விளிம்பில்தான் போய் நிற்கும். அதை நடுவால் வெட்டி ஓட்ட எங்களால் முடியாது. அதனால் நடுவில் என்ன இருக்கிறது என்றே தெரியாமல் பட்டம் விட்டு வளர்ந்திருக்கிறோம். இரண்டு கயிறு அந்த நடுவுக்குள் போக விடுகிறது. அதோடு, நடுவால் பாயும் பட்டம் தன் வேகத்தாலேயே கூடுதல் காற்றையும் உண்டாக்கிக்கொள்கிறது. நின்றால் ஒரு இழுவை, ஓடினால் பல மடங்கு.

காற்றின் கணக்கும் எனக்குப் புதிது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் இழுவை நாலு மடங்காகும். 15 கிலோமீற்றர் வேகத்தில் சிரித்துக்கொண்டு பிடித்திருந்த பட்டம், 30இல் ஆளைத் தூக்கும். அளக்கக் கருவி வேண்டும் என்றில்லை. இலைகளும் சின்னக் குச்சிகளும் விடாமல் அசைந்தால் 12 முதல் 19 வரை, பழகுவதற்கு அதுதான் காற்று. புழுதி எழும்பி, கடதாசித் துண்டுகள் பறந்து, சின்னக் கிளைகள் ஆடினால் 20 முதல் 28, அப்போது சின்னப் பட்டம் மட்டும். இளமரமே ஆடத் தொடங்கினால் 29க்கு மேல் போய்விட்டது, பையை அவிழ்க்காமல் வீட்டுக்குப் போங்கள். அன்றைக்குச் சவுக்கு இரைந்தது என்று எழுதினேனே, அதை நல்ல சகுனமாக எடுத்தவன் நான்.

இனிக் கச்சான். வெளியூர் வீடியோக்களில் இதற்குப் பாடம் கிடையாது, அதனால்தான் விரித்து எழுதுகிறேன். தென்மேல் பருவக்காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, வறண்டு சூடாகி, எங்கள் பக்கம் மேற்கேயிருந்து இறங்குவதுதான் கச்சான். ஜூனிலும் ஜூலையிலும் உரமாக அடிக்கும். மட்டக்களப்பில் வெயில் 38 பாகைக்குப் போவதும் அந்த நாட்களில்தான். எங்கள் கடல் கிழக்கில். ஆகவே கச்சான் எப்போதும் கரையிலிருந்து கடலுக்கு அடிக்கிற காற்று. பட்டம் விழுந்தாலும் கடலில், ஆள் இழுபட்டாலும் கடலுக்கு. இன்னொரு கேடும் உண்டு. அது வீடுகளையும் சவுக்குத் தோப்பையும் தாண்டி வருவதால் நேராக வராது, உடைந்து உடைந்து வரும். ஒரு மரத்துக்குப் பின்னால் அதன் உயரத்தைப் போல ஏழெட்டு மடங்கு தூரத்துக்குக் காற்றுக் குழம்பியே இருக்கும். ஒரு நிமிடம் பட்டம் தளர்ந்து தொய்யும். அடுத்த நிமிடம் யாரோ பின்னால் நின்று தள்ளியது போல அடிக்கும். கரையில் நின்று பழகுவதென்றால் பின்னேரக் கடற்காற்றுத்தான் சரி. கடலிலிருந்து தடையில்லாமல், ஒரே சீராக வரும். பட்டம் கரைப்பக்கம் விழும். கச்சான் நாட்களிலும் சில பின்னேரங்களில் அது ஓய்ந்து கடற்காற்று எடுபடும். நடுவில் காற்றே இல்லாத ஒரு இடைவெளி வரும். அந்த நேரம் பட்டத்தை மேலே வைத்திருக்காதீர்கள், அடுத்தது எந்தப் பக்கத்தால் வரும் என்று பார்த்துவிட்டு எழுப்புங்கள்.

தோள் சரியானதும் சின்னது ஒன்று வாங்கினேன். 1.4 மீற்றர் அகலம், இணையத்தில் ஒரு கடையில், அனுப்பும் செலவோடு 15,800. இந்த முறை பயமில்லை, ஆனால் எரிச்சல். மூன்று பின்னேரம் பட்டம் வலது பக்கமே சரிந்து சரிந்து விழுந்தது. என் கைதான் சரியில்லை, நோவு எடுத்த தோள் இழுக்கிறது என்று நினைத்தேன். நாலாம் நாள் சும்மா சந்தேகத்தில் இரண்டு கயிற்றின் நுனியையும் கேற்றுத் தூணில் ஒன்றாகக் கட்டி, மறுமுனையைச் சமமாக இழுத்துப் பார்த்தேன். ஐந்து சென்ரிமீற்றர் வித்தியாசம். வலது கயிறு கட்டை. நுனி முடிச்சை மாற்றிப் போட்டதும் பட்டம் நேரே ஏறியது. புதுக் கயிறு முதல் சில நாட்களில் இழுபட்டு நீளும் என்பதால், புதிதாக வாங்கினாலும் மாதம் ஒருமுறை இப்படி அளப்பது நல்லது.

கயிற்றில் நான் விட்ட இன்னொரு பிழையையும் சொல்ல வேண்டும். கடலில் இழுபட்டதில் பழைய பட்டத்தின் ஒரு கயிறு நைந்து போயிருந்தது. பதிலுக்கு மீன்பிடிக் கடையில் 400 ரூபாவுக்குத் தங்கூசி, அதாவது நைலோன் தூண்டில் நூல், வாங்கிக் கட்டினேன். இந்தப் பட்டங்களின் கயிறு டைனீமா என்ற வகை. புதிதில் கொஞ்சம் இழுபட்ட பிறகு அவ்வளவாக நீளாது, வழுக்கும். அதனால் கயிறு இரண்டும் நாலைந்து முறுக்கு முறுக்கிக்கொண்டாலும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி வேலை செய்யும். தங்கூசி இழுபடும், கை இழுத்ததைப் பட்டம் பிந்தித்தான் உணரும். அதைவிட மோசம், உராயும்போது வரும் சூடு. டைனீமா ஏறக்குறைய 150 பாகையில் உருகிவிடும். இரண்டாம் நாள் முறுக்கு விழுந்த இடத்தில் நல்ல கயிறு வெட்டுப்பட்டுப் போனது. 400 மிச்சம் பிடிக்கப் போய் 6,500க்குச் சோடிக் கயிறு வாங்கினேன். மாற்றுவதென்றால் இரண்டையும் ஒரே வகையில் மாற்றுங்கள். இறுகிய கயிற்றை ஒருபோதும் வெறுங்கையால் பிடிக்க வேண்டாம், என் விரல் தழும்பு சாட்சி.

மணிக்கட்டுப் பட்டி பற்றி. சின்னப் பட்டத்துக்குப் பரவாயில்லை, அதுவும் இறுக்காமல், கையை விரித்தால் கழன்று விழும் அளவுக்கு. பெரியதுக்குப் பட்டியே கூடாது, கையால் பிடிக்கிற தடி அல்லது கைபிடி, அதோடு ஒரு பாதுகாப்பு வார். அந்த வார் ஒரு பக்கக் கயிற்றோடு மட்டும் தொடுத்திருக்கும். எல்லாவற்றையும் விட்டால் பட்டம் ஒற்றைக் கயிற்றில் தொங்கி, வடிவம் கெட்டு, சுழன்று நிலத்துக்கு வந்துவிடும். வாங்கும்போது விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, விட்டால் என்ன ஆகும் என்பதுதான். நாலு கயிற்றுப் பட்டத்தில் பிரேக் உண்டு. இரண்டு கயிற்றில் அது கிடையாது.

பிரேக் இல்லாததை எப்படி இறக்குவது? ஓரத்துக்குக் கொண்டு போய்த்தான். இடது கயிற்றை இழுத்தால் இடது பக்கம், வலதை இழுத்தால் வலது பக்கம் கிறுகும், அவ்வளவுதான் ஓட்டம். மெதுவாக ஒரு பக்க விளிம்புக்கு ஓட்டிக்கொண்டு போனால் இழுவை தானாகக் குறைந்து, பட்டம் சோம்பிப்போய் நிலத்தில் சாயும். உடனே ஒருவர் ஓடிப்போய் மணல் போட வேண்டும். ஆகவே தனியாகப் போகாதீர்கள். என் மகன் இப்போது அந்த வேலையில் கெட்டிக்காரன். எழுப்பும்போதும் நேர் நடுவில் விரித்துச் 'சடார்' என்று இழுக்காமல், சற்று ஓரமாக வைத்து எழுப்பி, தலைக்கு மேலே கொண்டு போய் ஒரு மூச்சு விடுங்கள். பட்டத்தை முதுகு நிலத்தில் படும்படி, கயிறு கட்டிய பக்கம் மேலே, பின்விளிம்பு உங்களைப் பார்க்க விரிக்க வேண்டும். கைகள் நெஞ்சுக்குக் கீழே இருக்கட்டும். புதியவர்கள் எல்லோரும் பதறியதும் கையைத் தலைக்கு மேல் தூக்குகிறார்கள், மோட்டார் சைக்கிள் ஹாண்டில் போல வெட்டுகிறார்கள். பதறினால் இரண்டு கையையும் சமமாக வைத்தால் போதும், பட்டம் நேரே போகும். ஒரே பக்கம் மூன்று வட்டம் போட்டால் மறுபக்கம் மூன்று வட்டம் போட்டு முறுக்கை எடுத்துவிடலாம். படுத்துக் கிடக்கும் எட்டு (8) மாதிரிப் பட்டத்தை ஓட்டப் பழக எனக்கு ஒன்பது பின்னேரம் பிடித்தது. அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் கடலை விற்கிற தம்பி வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தான்.

இடம். கல்லடிக் கடற்கரை வார இறுதிப் பின்னேரங்களில் வேண்டவே வேண்டாம், அவ்வளவு சனம். 25 மீற்றர் கயிறு கண்ணுக்குத் தெரியாத கத்தி, கழுத்தளவில் ஓடும். வார நாட்களில் நாவலடிப் பக்கம் தள்ளிப் போனால் வெளி கிடைக்கும். பாசிக்குடா பார்க்க நல்ல இடம், ஆனால் எப்போதும் குளிக்கிற ஆட்கள். கல்முனை, மருதமுனைப் பக்கம் கரை நிறையத் தோணியும் வலையும். கச்சானிலும் விட வேண்டும் என்று ஆசையென்றால் கடலை விட்டுவிட்டு வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரைக்குப் போங்கள். மாரிப் போகம் மட்டும் செய்கிற மானாவாரி வயல்கள் அந்த மாதங்களில் தரிசாகக் கிடக்கும். மரமில்லாத வெளி, விழுந்தால் நிலம். வயல் சொந்தக்காரரான போடியாரிடம் ஒரு சொல் கேட்டுக்கொள்ளுங்கள், மாடுகளைப் பாருங்கள், பின்னோக்கி நடக்கும்போது வரம்பை மறக்க வேண்டாம். மின்கம்பி தெரிகிற வயலில் இறங்கவே கூடாது. திமிலைதீவில் விமான நிலையம் இருப்பதால் அந்த அயலும் கூடாது.

அந்த 3.0 ஒரு வருடமாக அலுமாரிக்கு மேலே கிடந்தது. போன மாதம் கல்முனையிலிருந்து ஒரு தம்பி வந்தார். ஆள் 85 கிலோ இருப்பார், சின்னதில் ஒரு வருடம் பழகியவர். ஆனாலும் இங்கே எழுதிய அத்தனையையும் அவருக்குச் சொல்லி, தையல் போட்ட அறைகளையும் காட்டி, பட்டியைக் கழற்றிவிட்டுத் தடியும் வாரும் மாட்டி, 18,000க்குக் கொடுத்தேன். அடுத்த ஞாயிறு காலை போன். "அண்ணன், நல்ல காத்து அடிக்கி. இப்ப எழுப்பவா?"

"தென்னோலை எந்தப் பக்கம் சாயுது?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "கடல் பக்கம்."

"பையைக் கட்டி வையுங்க தம்பி. பின்னேரம் நாலு மணிக்கு எடுங்க, பாப்பம்" என்றேன்.